வேப்பமூட்டில் நட்ட கற்கள்

நில அளவைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

ஓய்வு பெற்றவனிடம் அனுபவத்தை எழுதச் சொன்னால் அவன் சாதித்த கதைகளைத்தான் எடுத்து வைப்பான். நானும் அப்படி ஒன்றை எழுத உட்கார்ந்து, இரண்டு பக்கம் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். நான் சரியாகச் செய்த வேலைகளை யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள். இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக் கொடுத்தது நான் தப்பாகச் செய்த ஒரு வேலை. அதையே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை.

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் எனக்கு முதல் தனிப்பொறுப்பு கிடைத்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கோயிலுக்குத் தெற்கே ஒரு தெருவில் மாடியறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் கண் விழிப்பதே பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில்தான். சன்னலைத் திறந்தால் மல்லிகை மூட்டை ஏற்றிய சைக்கிள்கள் மார்க்கெட்டைப் பார்த்து வரிசையாகப் போகும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஆற்றில் தண்ணீர் வரும், வாய்க்காலில் பிரியும், வயலில் பாயும். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மழை பெய்தால் பெய்த தண்ணீரை ஒரு துளி விடாமல் பிடித்து வைத்துப் பிழைக்கிற மண்ணை அதுவரை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் நரிப்பொத்தை ஊரிலிருந்து ஒரு மனு வந்தது.

பனவடலிசத்திரம் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி இரண்டு மைல் நடந்தால் நரிப்பொத்தை. சின்னப் பாறைக்குன்றை அந்தப் பக்கம் பொத்தை என்பார்கள். ஊருக்கு மேற்கே புல்பூண்டு அதிகம் இல்லாமல் மொட்டையாக ஒரு பொத்தை. அதன் அடிவாரத்தில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை. ஊருக்குக் கிழக்கே ஒரு பெரிய குளம். ஓடைத் தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவர ஒரு காலத்தில் வரத்துக்கால் இருந்திருக்கிறது. அது தூர்ந்து, மேலே உழுது, எல்லைகள் மாறி, இப்போது எங்கே ஓடியது என்றே தெரியவில்லை. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் தெற்கே திரும்பி யாருக்கும் உதவாமல் போய்விடுகிறது. குளத்தில் ஆடு மேய்கிறது. வரத்துக்கால் போன வழியைக் கண்டுபிடித்துக் கல் நட்டுக் கொடுத்தால் ஊரே சேர்ந்து வெட்டிக்கொள்வோம் என்று மனுவில் எழுதியிருந்தார்கள்.

பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டிய தாளைக் கரையான் தின்றிருந்தது. பதிவேட்டில், குளத்துக்கு மேற்கேயிருந்து வரத்துக்கால் உண்டு என்று ஒரே ஒரு வரி இருந்தது. அளவு இல்லை, திசை இல்லை. ஊரில் போய் விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி காட்டினார்கள். யார் காட்டிய வழியும் அவரவர் காட்டில் போகவில்லை. அந்தப் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் முறை போனபோது ஊர்த் தலைவர் ஒரு யோசனை சொன்னார். ஊர் உண்டான கதையை மாடசாமி என்பவர் வில்லுப்பாட்டாகக் கட்டி வைத்திருக்கிறார், அதில் தண்ணீர் வந்த வழியெல்லாம் வரும், பங்குனியில் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு வந்து கேளுங்கள் என்றார்.

மதியக் கொடைக்குப் போனேன். கோயில் முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். நடுவில் வில்லை வைத்து, மாடசாமி அதன் நாணைத் தட்டும் வீசுகோலோடு உட்கார்ந்திருந்தார். வில்லடிக்கும் குழுவின் தலைவரை அண்ணாவி என்பார்கள்; இங்கே அவர்தான் அண்ணாவி. நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். தினமும் விடியும் முன் ஊர்ப் பூவையெல்லாம் சைக்கிளில் கட்டி சங்கரன்கோவில் மார்க்கெட்டில் சேர்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. வில் முன்னால் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆளாகிவிட்டார். பஞ்சத்துக்குப் பிழைக்க வந்த ஏழு குடும்பம் பொத்தை நிழலில் தங்கியதும், பெண்கள் கூடையில் மண் சுமந்து குளத்துக்குக் கரை போட்டதும், கரை இரண்டு முறை உடைந்ததும் பாட்டில் வந்தன. அதன் பிறகு தண்ணீர் நடந்து வந்த வழி.

பொத்தையடி புறப்பட்டுப் பொங்கிப் பொங்கித் தான்நடந்து
இலந்தைக்காடு எட்டிப்பார்த்து இரட்டைக்கல்லை ஒட்டிவந்து
வெள்ளமது வேகங்கொண்டு வேப்பமூடு சுற்றிவந்து

இடையில் ஒரு பள்ளத்தைச் சொல்லும் வரியும் உண்டு; இப்படிப் போய்க் குளத்து வாயில் முடிகிறது. மொத்தம் ஏழு இடங்கள். அவர் ஒவ்வொரு இடத்தின் பேரையும் சொல்லும்போது பந்தலில் இருந்த பெண்களும் சேர்ந்து சொன்னார்கள். சிறுபிள்ளைகளுக்குக்கூட வரிசை மனப்பாடம். கரையான் தின்ற வரைபடம் முழுசாக என் கண்ணெதிரே பாட்டாக வருகிறது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. குறிப்பேட்டை எடுத்து வரி வரியாக எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரமே அளவுச் சங்கிலியோடு இறங்கினேன். பொத்தையடியில் ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பழைய கல்வரிசை மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது. இலந்தைக்காடு இருந்தது. இரட்டைக்கல் இருந்தது. அதற்கு அப்பால் பாட்டில் சொன்ன பள்ளமும் இருந்தது. ஒவ்வொன்றும் பாட்டு வரிசையிலேயே வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாவது இடம் வேப்பமூடு. மூடு என்றால் மரத்தடி. அந்தத் திசையில் பெரிய வேப்பமரம் ஒன்றுதான் நின்றது. அது வேலம்மாள் காட்டு மூலையில் இருந்தது.

வேலம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் கேரளத்தில் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். இரண்டு ஏக்கர் காட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருத்தி எடுத்து முடித்து, மார் என்று அங்கே சொல்லும் காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள், நாங்கள் சங்கிலி இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். வேப்பமரத்திலிருந்து ஆறாவது இடத்துக்கு நேராகக் கோடு போட்டால் அது அவள் காட்டை நடுவில் பிளந்துகொண்டு போனது. கிணறு ஒரு பக்கம், பாதி நிலம் மறுபக்கம்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. யோசித்து நிதானமாகப் பேசினாள்.

"ஐயா, கால் ஓடுன பூமியில மணல் கெடக்கும். ரெண்டு வருசத்துக்கு முன்னால இங்கன கெணறு வெட்டுனோம். மேல கரிசல், கீழ சுக்கான் கல்லு. ஒரு கைப்பிடி மணல் வரல. எப்படி இது வழியாத் தண்ணி ஓடியிருக்கும்?"

ஊரே ஒரே குரலில் சொல்கிற வழி இது, கொடையில் நானே கேட்டேன் என்றேன்.

"பாட்டு கெணறு வெட்டலியே, ஐயா" என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் முன்னால் அப்போது இரண்டு சாட்சிகள். ஒன்று, ஊரே கொண்டாடும் பாட்டு. இன்னொன்று, நிலத்தை இழக்கப் போகிற பெண் சொல்கிற வார்த்தை. இழக்கப் போகிறவள் இப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தேன். பதினைந்து அடி தள்ளி இருந்தது கிணறு. போய் எட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. சங்கிலி பிடித்த ஊழியர் என் முகத்தையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். அதையும் நான் கண்டுகொள்ளவில்லை. அவள் காட்டுக்குள் ஆறு கற்களை நட்டேன். அவள் பருத்திமார்க் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைசிக் கல் வரை நின்று பார்த்தாள். அன்று சாயங்காலமே வரைபடம் போட்டுக் கையெழுத்திட்டு மேலே அனுப்பிவிட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் என் அறைக்குக் கீழே சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தால் மாடசாமி. மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். மேலே வரச் சொன்னேன். வந்தவர் உட்காரவில்லை.

"சார், ஒரு விசயம் சொல்லணும். கோவப்படாமக் கேக்கணும்" என்றார்.

முந்தின நாள் வேலம்மாள் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவருக்கு அவள் மதினி முறை. வந்தவள் சண்டை போடவில்லை. அந்த வேப்பமூடு உங்களுக்கு யார் சொன்னது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். யாரும் சொல்லல சார். நாந்தான் போட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விளக்கினார். இருபது வயதில் பாட்டுக் கட்டத் தொடங்கியபோது, குளத்துக்கு மடை திறந்துவிடுகிற ஒருவரிடம் தண்ணீர் வந்த வழியைக் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் சொன்ன ஐந்தாவது இடம் புளியமூடு. பாட்டில் 'வெள்ளமது வேகங்கொண்டு' என்ற வரி வந்து விழுந்துவிட்டது. அதற்குப் பின்னால் புளியமூடு என்று பாடினால் மோனை நிற்கவில்லை.

"வேப்பமூடுன்னு மாத்துனேன், ஜம்முனு உக்காந்துட்டு. எந்த மூடா இருந்தா என்ன, பாட்டு நல்லா இருக்கணும்னு நெனச்சேன். அத வச்சுக் கல்லு நடுவாங்கன்னு கண்டனா?"

புளியமூடு எங்கே என்று கேட்டேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது எங்க காடுதான் சார். எனக்கும் எங்க அண்ணனுக்கும் பொது. நான் சின்னப்பிள்ளையா இருக்கையில புயல்ல அந்தப் புளி சாஞ்சுட்டு. அதுக்குப் பெறவு அந்தப் பேர யாரும் சொல்லுறதில்ல."

மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது கோபம். அடுத்து வந்தது பயம். என் கையெழுத்து மேலே போய்விட்டது. முதல் தனிப்பொறுப்பு. ஒரு பாட்டைக் கேட்டுக் கல் நட்டவன் என்று அலுவலகம் முழுக்கச் சிரிப்பார்கள். இந்த மனிதர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார், வாயை மூடிக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டால் விஷயம் இந்த அறையோடு போய்விடும் என்றும் தோன்றியது. ஒரு டீ குடிக்கும் நேரம் அந்த நினைப்பு எனக்குள் இருந்தது. எதிரே நின்றவரைப் பார்த்தேன். தன் நிலம் போகும் என்று தெரிந்து, பாட்டின் பேரும் கெடும் என்று தெரிந்து, சைக்கிள் மிதித்து வந்து சொல்கிறார். அவரை வைத்துக்கொண்டு அந்த நினைப்பை அதற்கு மேல் வளர்க்க முடியவில்லை.

ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த கல்லை நடவும் நான் தயாராக இல்லை. பாட்டை நம்பியது போலவே இந்த மனிதரையும் நம்பிவிட்டால் அதே தவற்றை இரண்டாம் முறை செய்கிறேன். மண்ணைக் கேட்போம் என்றேன். உங்கள் காட்டில் தோண்டிப் பார்க்க வேண்டும், அண்ணன் சம்மதிப்பாரா என்று கேட்டேன்.

அண்ணன் பெயர் சுடலைமுத்து. அவர் லேசில் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தக் காட்டில் ஊர் கூடியிருந்தபோது தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"பாட்டுப் படிச்சுப் பேரு வாங்குன. இப்பக் காட்டையும் ஊருக்குக் குடுக்கப் போறியால?"

மாடசாமி தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார். ஆனால் குரல் தடுமாறவில்லை.

"தோண்டிப் பாப்போம்ணே. மணல் இல்லேன்னா நான் சொன்னது பொய்யின்னு வச்சுக்கோ. அதோட நான் வில்லத் தொடல."

இருபது வருடம் வில்லடித்த ஆள் அப்படிச் சொன்னார். சுடலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தோண்டுங்கள் என்று கையைக் காட்டினார்.

முழங்கால் ஆழம் தோண்டினோம். கரிசல். இடுப்பளவு தோண்டினோம். அதே கரிசல். மாடசாமி குழிக்குள் இறங்கித் தானே வெட்டினார். மணல் வரவில்லை. முதல் குழியைக் கைவிட்டோம். கூட்டத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. இரண்டாவது குழியும் அப்படியே. வெயில் ஏறிவிட்டது. சுடலைமுத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். புளியமூடு என்பதும் இவர் நினைவுப் பிசகாக இருந்தால் நான் எதைக் கொண்டு என்ன செய்வேன்?

வேலம்மாள் அங்கே வந்திருந்தாள். அந்தக் காட்டின் மேடுபள்ளத்தைப் பார்த்தபடி வடக்கே இருபது முப்பது அடி நடந்தாள். ஒரு இடத்தில் நின்று, இங்கே ஈரத்தில் வளர்கிற கோரை முளைத்துக் கிடக்கிறது, வேறெங்கும் இல்லை என்றாள். மூன்றாவது குழியை அங்கே போட்டோம். தொடை அளவு ஆழத்தில் மண்வெட்டியின் சத்தம் மாறியது. மேல் மண்ணை ஒதுக்கினால் வெளுத்த ஓடைமணல். அள்ளிப் பார்த்தேன். மணலோடு நத்தை ஓடுகள் வந்தன. குழியின் ஒரு பக்கத்தில், தொட்டால் பொடிந்து விழுகிற மக்கிய வேர் ஒன்று கறுப்பாகத் தெரிந்தது. அது புளிய வேரா என்று எனக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் முகர்ந்து பார்த்துப் புளிதான் என்றார்கள்.

அப்போதுதான் நான் வேலம்மாள் காட்டுக்கு நடந்து போய் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். உறை கட்டாத கிணறு. மேலிருந்து கீழே வரை சுவர் தெளிவாகத் தெரிந்தது. கரிசல், அதற்குக் கீழே வெள்ளைச் சுக்கான். அவள் சொன்ன வார்த்தைக்கு வார்த்தை அப்படியே. ஒரு விரல் தடிப்புக்குக்கூட மணல் கிடையாது.

திரும்பி வந்தபோது யாரோ ஒருவர் மாடசாமியைச் சீண்டிக்கொண்டிருந்தார். அப்படியானால் இத்தனை வருடம் நாம் கேட்ட பாட்டே பொய்யா என்று கேட்டார். மாடசாமி குழியோரம் நின்றிருந்தார். வேலம்மாள்தான் சொன்னாள்.

"பாட்டு பொய்யில்ல. ஒரு மூடுதான் மாறிப்போச்சு. மத்த ஆறு எடமும் சரியாத்தான இருக்கு?"

அவள் காட்டில் என் ஆறு கற்கள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அவள் சொன்ன வார்த்தை அது.

மறுநாள் என் மேலதிகாரியைப் பார்க்கப் போனேன். அவர் அதிகம் பேசாத மனிதர். நடந்ததை எல்லாம் நின்றபடி சொன்னேன். யாராவது உங்கள் மேல் புகார் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதற்கு வந்தீர்கள் என்றார். எனக்குத் தெரிந்துவிட்டதே சார் என்றேன். அவர் கையை நீட்டி என் குறிப்பேட்டை வாங்கி, அந்த நாளின் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார்.

"பாட்டு முழுசும் எழுதியிருக்கிய. ஏழு இடமும் எழுதியிருக்கிய. அந்தம்மா மணல் இல்லேன்னு சொன்னது எங்க இருக்கு?"

எழுதவில்லை என்றேன்.

"கல்ல எடம் மாத்தி நட்டது திருத்தக்கூடிய தப்பு. இத எழுதாம விட்டிய பாத்தியளா, அதுதான் தப்பு. எழுதியிருந்தா உங்களுக்குப் பெறகு வாரவனாவது அந்தக் கெணத்த எட்டிப் பாத்திருப்பான்."

என்னிடம் விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. தவறு என்னுடையது என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அது என் பணிப்பதிவேட்டில் ஓய்வு பெறும் நாள் வரை இருந்தது. ஆனால் புதிய வரைபடத்துக்கு அவர் ஒப்புதல் கொடுத்தார். அன்று முதல், எனக்கு எதிராக யார் எதைச் சொன்னாலும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறிப்பேட்டில் எழுதினேன். நிலத்தை இழக்கப் போகிறவர் சொல்வதை முதலில் எழுதினேன். உங்களிடம் இருக்கும் கருவிகள் என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு நுட்பமானவை. ஆனால் எதிரில் நிற்பவர் சொல்வதை அவை தாமாகக் குறித்துக்கொள்ளாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆடி மாதம் ஊர் வரத்துக்காலை வெட்டத் தொடங்கியது. வீட்டுக்கு ஓர் ஆள். அண்ணனும் தம்பியும் அப்போது பேசிக்கொள்வதில்லை. முதல் இரண்டு நாளும் சுடலைமுத்து வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது, புதுக் கற்களுக்கு நடுவே ஒருவர் தன்னந்தனியாக வெட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பொத்தையடியிலிருந்து வெட்டி வர, சுடலைமுத்து தன் காட்டில் தானே ஆரம்பித்துவிட்டார். தம்பி வந்து பக்கத்தில் நின்றபோதும் அவர் பேசவில்லை. வெட்டிய மண்ணைச் சுமக்கக் கூடையை மட்டும் தம்பி பக்கம் தள்ளினார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மழை விட்ட நாளில் பஸ் கிடைக்காமல் லாரி பிடித்துப் போய் இறங்கினேன். ஓடைத் தண்ணீர் கலங்கலாக வரத்துக்காலில் போய்க்கொண்டிருந்தது. குளக்கரையில் ஊரே நின்றது. குளம் நிறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருடம் பாதிக் குளம். அந்தப் பாதிக் குளத்தில் ஊர்க் கிணறுகள் ஊறின. மாசி வரை பூச்செடி வாடவில்லை.

அடுத்த பங்குனிக் கொடைக்கும் போனேன். ஐந்தாவது இடம் வந்தபோது மாடசாமி இப்படிப் பாடினார்.

புரண்டுவந்த வெள்ளமெல்லாம் புளியமூடு சுற்றிவந்து

பழகிப்போன பிள்ளைகள் சிலர் வேப்பமூடு என்று கத்திவிட்டு விழித்தார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். கொடை முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது பழைய வரியைவிட நன்றாக இருக்கிறது என்றேன்.

"இத அன்னைக்கே யோசிச்சிருக்கலாம் சார்" என்றார். "அந்த முன்வரிய விட அன்னைக்கு மனசு வரல. அது அவ்வளவு நல்லா விழுந்துட்டு."

அதே நோய்தான் எனக்கும் என்று அவரிடம் சொன்னேன். முதல் நான்கு இடமும் அவ்வளவு நன்றாகப் பொருந்திவிட்டதால் ஐந்தாவதைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

எழுதும்போது ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். வெட்கம்தான் காரணம். புதிய வரைபடத்துக்கு ஒப்புதல் வந்த மறுநாள், வைகாசி வெயிலில், வேலம்மாள் காட்டில் நட்ட கற்களைப் பிடுங்கப் போனேன். ஊழியர்களை மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் செய்வார்கள். நான் போனேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து, இரண்டு மூன்று வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வேப்பமர நிழலில் ஆட்டுக்குத் தீனியாகக் குழை, அதாவது தழைக்கொத்து, கட்டிக்கொண்டிருந்தாள். கடப்பாரை போட்டு ஆறு கற்களையும் நெம்பி எடுத்தோம். பிறகு அவள் எதிரே போய் நின்று, நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னை முடிக்க விடவில்லை.

"அதான் கல்லப் பிடுங்கிட்டியள்லா. குழிய மூடிட்டுப் போங்க. ஆட்டுக்குட்டி கால விட்டுரும்."

ஊழியர் மண்வெட்டியை எடுத்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கரிசல் கட்டிகளை உடைத்து ஒவ்வொரு குழியாக நிரப்பி, மேலே ஏறி நின்று மிதித்தேன். எனக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவள் குழைக்கட்டை வைத்துவிட்டு என் பின்னாலேயே வந்தாள். நான் மூடிய குழியில் குதிங்காலை ஊன்றி அழுத்திப் பார்த்தாள். நான்காவது குழியில் கால் இறங்கியது. இன்னும் கொஞ்சம் மண் போடச் சொன்னாள். போட்டேன். ஆறாவது குழியிலும் ஏறி நின்று, இரண்டு காலாலும் அழுத்திப் பார்த்தாள்.

"சரி. இனி உழலாம்" என்றாள்.